அம்மியில் அரைக்கும் மாட்டு மருந்து

விடிவதற்கு முன்பே எழுந்து, செம்பை எடுத்துக் கொண்டு தொழுவத்துக்குப் போகிறாள் வீட்டுக்காரி. கன்றை அவிழ்த்து விடுகிறாள். கன்று ஓடி வந்து மடியில் முட்டுகிறது.

பசு உதைக்கிறது!

நேற்று வரை உதைக்காத பசு. குழந்தை போய்த் தொட்டாலும் அசையாமல் நிற்கும் பசு. இன்று ஏன் உதைக்கிறது?

குனிந்து மடியைத் தொட்டுப் பார்க்கிறாள். ஒரு பக்கம் கல்லைப் போல் இருக்கிறது. கையை வைத்தால் சுடுகிறது. காம்பை இழுத்தால் பால் வரவில்லை. தண்ணீர் மாதிரி ஏதோ வருகிறது. அதிலே தயிர்க் கட்டி போல் திரி திரியாக மிதக்கிறது.

அவளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

பசு வளர்க்கும் வீடுகளில் இந்தக் காட்சியைக் காணாத வீடு குறைவு. இதற்குப் பெயர் மடிநோய். மடிவீக்கம் என்றும் சொல்வார்கள்.

மூன்று காம்பு மாடு

பசுவின் மடி வெளியே பார்க்க ஒன்றாகத் தெரியும். உள்ளே அது நான்கு தனித்தனி அறைகள். ஓர் அறையில் சுரக்கும் பால் இன்னோர் அறைக்குப் போகாது. ஓர் அறைக்கு ஒரு காம்பு.

காம்பின் நுனியில் ஒரு சிறு துவாரம் இருக்கிறது அல்லவா? அதன் வழியாகத்தான் நோய்க் கிருமி உள்ளே நுழைகிறது. அது உள்ளே பெருகி, பால் சுரக்கும் சதையைக் கெடுத்து விட்டால், அந்தக் காம்பு அடைத்துப் போகும். அடுத்த ஈற்றிலும் அதில் பால் வராமல் போகலாம்.

சந்தையில் மாடு பிடிக்க வருகிறவர் முதலில் பல்லைப் பார்ப்பார். பிறகு குனிந்து நான்கு காம்பையும் ஒவ்வொன்றாகப் பீச்சிப் பார்ப்பார். மூன்றில் மட்டும் பால் வந்தால், துண்டுக்குள் கையை விட்டு அவர் பேசுகிற விலையே வேறு!

கடன் வாங்கி மாடு வாங்கியவர்கள் பாலை ஊற்றித்தான் கடனைக் கட்ட வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும் அந்தப் பாலில்தான் இருக்கிறது. ஆகவே, காம்பு ஒன்று போனால் அது மாட்டின் நஷ்டம் மட்டும் அல்ல.

கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு

இந்த நோய்க்கு மூன்றே பொருள்களில் ஒரு மருந்து இருக்கிறது. மூன்றும் கடைத் தெருவுக்குப் போகாமலே கிடைப்பவை.

சோற்றுக் கற்றாழை 250 கிராம். மஞ்சள் தூள் 50 கிராம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 15 கிராம்.

கற்றாழை மடலின் ஓரத்து முட்களைச் சீவி எறிந்து விட்டு, துண்டு துண்டாக நறுக்கிக் கொள்ள வேண்டும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்து அரைக்க வேண்டும். அம்மியில் அரைக்கலாம். மிக்சியிலும் அரைக்கலாம். அரைக்க அரைக்க மஞ்சள் நிறம் மாறும். செக்கச் செவேல் என்று ஒரு விழுது கிடைக்கும்.

நிறம் ஏன் மாறுகிறது? இதை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை. கல்யாண வீட்டில் ஆரத்தி கரைக்கிறார்களே, அதே கதைதான். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். மஞ்சளின் சத்து வெறும் தண்ணீரில் எளிதில் கரையாது. சுண்ணாம்பு சேரும் போது நன்றாகக் கரைகிறது. வீக்கத்தை வாட்டும் குணம் மஞ்சளுக்கு உண்டு. எரிச்சலைத் தணித்துக் குளிர்ச்சி தரும் குணம் கற்றாழைக்கு உண்டு.

மருந்து செய்வது எளிது. போடுவதில்தான் பொறுமை வேண்டும்.

முதலில், கெட்ட பாலை முழுவதும் பீச்சி எடுத்து விட வேண்டும். அந்தப் பாலைத் தொழுவத்திலேயே கொட்டக் கூடாது. கொட்டினால் பக்கத்து மாட்டுக்கும் நோயைக் கூப்பிட்டுக் கொடுத்தது போல் ஆகும்! கன்றுக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. பிறகு, மடியைச் சுத்தமான தண்ணீரால் கழுவ வேண்டும். ஒரு கை விழுதை எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்து, மடி முழுவதும் தடவ வேண்டும். நோய் கண்ட காம்புக்கு மட்டும் அல்ல, நான்குக்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை? 10 தடவை! காய்ந்ததும் கழுவி விட்டு மறுபடி தடவ வேண்டும். இப்படி 5 நாள். அன்றன்றைக்கு அரைத்ததை அன்றன்றைக்கே தீர்த்து விட வேண்டும். நேற்று அரைத்த விழுது இன்றைக்கு உதவாது.

இதோடு, தினம் 2 எலுமிச்சம் பழத்தை நறுக்கி, 3 நாளைக்குத் தின்னக் கொடுப்பார்கள். பாலில் இரத்தம் கலந்து வந்தால், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையை வெல்லத்தோடு அரைத்து உள்ளுக்கும் கொடுப்பார்கள்.

பலர் தோற்றுப் போவது இந்தப் "பத்துத் தடவை"யில்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தடவி விட்டு, "பச்சிலை பலிக்கவில்லை" என்று கையை உதறி விடுகிறார்கள். அது மருந்தின் குற்றமா?

தஞ்சாவூரில் நடந்த சோதனை

இது யாரோ திண்ணையில் உட்கார்ந்து சொன்ன கைமருந்து அல்ல. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக் கழகம் 1989-இல் தொடங்கியது. அதன் தஞ்சாவூர் மையத்தில், பேராசிரியர் புண்ணியமூர்த்தியும் அவருடன் இருந்தவர்களும் கிராமங்களில் வழங்கி வந்த மாட்டு மருந்துகளைத் திரட்டினார்கள். எந்தப் பொருள், எத்தனை கிராம், எத்தனை வேளை என்று அளவு கட்டினார்கள். நோயுற்ற மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கொடுத்தவற்றை ஊர் ஊராகச் சென்று சொல்லிக் கொடுத்தார்கள்.

குஜராத்தில் ஆனந்த் நகரில் உள்ள தேசியப் பால்வள வாரியமும் இந்த முறைகளை எடுத்துக் கொண்டது. பால் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாக, பல மொழிகளில் துண்டுப் பிரசுரம் போட்டுப் பரப்பியது. தமிழ்நாட்டு அம்மியில் அரைத்த மருந்து வடக்கே போய்ச் சேர்ந்தது!

இங்கே ஒரு கேள்வி எழும். ஊசி இருக்கும் போது பச்சிலை எதற்கு?

தயிர் உறையாத பால்

மடிநோய்க்கு டாக்டர்கள் கிருமிக் கொல்லி மருந்து கொடுப்பது உண்டு. ஊசியாகப் போடுவார்கள். காம்புத் துவாரத்தின் வழியாகவும் செலுத்துவார்கள். நல்ல மருந்துதான். ஆனால், அந்த மருந்து பாலிலும் இறங்கும். ஆகையால், மருந்து போட்ட பிறகு இத்தனை நாள் வரை பாலை விற்கக் கூடாது, குடிக்கக் கூடாது என்று கணக்கு இருக்கிறது. மருந்துக்கு மருந்து அந்தக் கணக்கு மாறும்.

எத்தனை பேர் அந்தப் பாலைக் கீழே கொட்டுகிறார்கள்? கொட்டினால் அன்றைய கூலி போயிற்றே!

2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதை நடத்தியது. அவற்றில் 77 மாதிரிகளில் கிருமிக் கொல்லி மருந்து அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். அதிகம் இல்லை என்று தோன்றலாம். ஆனால், அந்தப் பால் யார் வீட்டுக் குழந்தையின் டம்ளரில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

இப்படிப்பட்ட பாலைச் சில சமயம் சமையல் அறையிலேயே கண்டு கொள்ளலாம். உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாது. தயிராக்கும் நல்ல கிருமியையும் அந்த மருந்து தடுத்து விடுகிறது. (உறையாத பால் எல்லாம் மருந்துப் பால் என்று பால்காரரிடம் சண்டைக்குப் போய் விடாதீர்கள். குளிர் நாளிலும் தயிர் உறையாது!)

இன்னொரு கேடும் உண்டு. அளவு தெரியாமல், நாள் கணக்கு இல்லாமல் இந்த மருந்தைப் போட்டுக் கொண்டே இருந்தால், கிருமி அதற்குப் பழகி விடுகிறது. பிறகு, மனிதனுக்கு அதே கிருமி வந்தாலும் மருந்து கேட்பது இல்லை.

அதனால்தான் மடிநோயின் தொடக்கத்திலேயே மஞ்சளும் கற்றாழையும் கைகொடுத்தால் அது பெரிய காரியம் என்கிறார்கள். அந்த விழுதைக் கழுவி விட்டால் போயிற்று. பாலில் இறங்குகிற பயம் இல்லை.

ஓலையில் இருந்த இரகசியம்

மாட்டுக்குப் பச்சிலை கொடுக்கும் வழக்கம் நேற்று வந்தது அல்ல. அசோகச் சக்கரவர்த்தி இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு பாறையில் ஒரு செய்தியை வெட்டி வைத்தார். மனிதருக்கும் கால்நடைக்கும் வைத்திய வசதி செய்ததையும், இல்லாத இடங்களில் மூலிகைகளைக் கொண்டு வந்து நட்டதையும் அதில் சொல்கிறார். அந்த வசதி நடந்த நாடுகளில் சோழர், பாண்டியர் நாடுகளின் பெயரும் இருக்கிறது.

தமிழில் மாட்டு வைத்திய நூலுக்கு "மாட்டு வாகடம்" என்று பெயர். ஓலைச் சுவடிகளாக இருந்தது. பிறகு அச்சிலும் வந்தது. மாட்டின் சுழி பார்ப்பது முதல் கழிச்சலுக்கு மருந்து வரை அதில் கலந்து கிடக்கும். எந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகாது என்ற பகுதியைத் தள்ளி விட்டு, மருந்துப் பகுதியைப் படித்தால் நமக்கு லாபம்.

ஆனால், ஓலையில் எழுதாமல் போனதுதான் அதிகம். ஊருக்கு ஒரு மாட்டு வைத்தியர் இருப்பார். வேலி ஓரத்தில் போய் ஏதோ ஒரு பச்சிலையைப் பறிப்பார். யாரும் பார்க்காமல் கசக்கிக் கொண்டு வருவார். "என்ன இலை?" என்று கேட்டால் சொல்ல மாட்டார். சொன்னால் மருந்து பலிக்காது என்பது நம்பிக்கை. மகனிடம் கூடச் சொல்லாமல் கண்ணை மூடியவர்கள் உண்டு. மாடு பிழைத்தது, மருந்து செத்தது!

அந்த வகையில், அளவோடு எழுதி, அச்சடித்து, கேட்டவர்களுக்கு எல்லாம் கொடுத்ததுதான் தஞ்சாவூர்க்காரர்கள் செய்த பெரிய வேலை.

கோமாரி வந்தால்

மாட்டின் வாயில் இருந்து எச்சில் நூல் நூலாக வடிகிறது. நாக்கிலும் ஈறிலும் கொப்புளம். குளம்புப் பிளவில் புண். தீனி எடுக்க முடியாது. நடக்க முடியாது. இதுதான் கோமாரி. காற்றிலே பரவக் கூடிய வைரஸ் நோய். ஒரு மாட்டுக்கு வந்தால் தெரு முழுவதும் வரும்.

இதற்கும் கைமருந்து இருக்கிறது. சீரகம், வெந்தயம், மிளகு மூன்றும் பத்துப் பத்துக் கிராம். இவற்றை அரை மணி நேரம் ஊற வைத்து, மஞ்சள் தூள் 10 கிராம், பூண்டு 4 பல், வெல்லம் 120 கிராம் சேர்த்து அரைக்க வேண்டும். ஒரு தேங்காயைத் துருவி அதில் பிசைய வேண்டும். இது ஒரு வேளைக்கு. நாளைக்கு மூன்று வேளை, புதிதாகச் செய்து, விரலால் எடுத்து, நாக்கிலும் வாயின் உட்புறத்திலும் மெதுவாகத் தடவ வேண்டும். 3 நாள் முதல் 5 நாள் வரை கொடுப்பார்கள்.

காலில் உள்ள புண்ணுக்கு வேறு மருந்து. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம். இவற்றை அரைத்து, அரை லிட்டர் நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சி, ஆற வைத்து, புண்ணைக் கழுவித் துடைத்துப் பூச வேண்டும். புண்ணில் புழு வைத்திருந்தால், முதல் நாள் மட்டும் சீத்தா இலையை அரைத்து வைப்பார்கள்.

இந்த மருந்து என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகத் தெரிந்து கொள்ள வேண்டும். புண் ஆறுகிறது. வலி குறைந்து மாடு தீனி எடுக்கத் தொடங்குகிறது. அவ்வளவுதான். கோமாரி வராமல் இது தடுக்காது. தடுப்பது தடுப்பூசி ஒன்றுதான். 2019-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய திட்டத்தின்படி, ஆண்டுக்கு இரண்டு தடவை இலவசமாகவே அது போடப்படுகிறது. "என் மாட்டுக்குத்தான் கைமருந்து தெரியுமே" என்று ஊசிக்காரர் வரும் போது மாட்டை ஓட்டிக் கொண்டு வயலுக்குப் போகிறவர், பக்கத்து வீட்டு மாட்டுக்கும் சேர்த்துக் குழி வெட்டுகிறார்.

2022-இல் தோல் கட்டி நோய் வந்து இராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகள் மடிந்தன. அப்போதும் வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் சேர்த்து அரைத்த மருந்தைக் கொடுக்கச் சொன்னார்கள். கூடவே, நோய் பரவாமல் இருக்க ஆட்டு அம்மைக்கு உள்ள தடுப்பூசியை மாடுகளுக்குப் போட்டார்கள். இரண்டும் வேண்டியிருந்தது.

வெக்கை போனது எப்படி?

வயதானவர்களைக் கேட்டால் "வெக்கை" என்று ஒரு நோயைச் சொல்வார்கள். அந்தப் பெயரைச் சொல்லும் போதே அவர்கள் முகம் மாறும். வெக்கை புகுந்த ஊரில் ஏர் ஓட்ட மாடு மிஞ்சாது. தொழுவம் தொழுவமாகக் காலியாகும். அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். வேப்பிலை கட்டினார்கள். தெரிந்த பச்சிலையை எல்லாம் அரைத்துக் கொடுத்தார்கள். எதுவும் அதை நிறுத்தவில்லை.

1954-இல் இந்தியா முழுவதும் வெக்கைத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராக ஊசி போட்டார்கள். 1995-க்குப் பிறகு அந்த நோய் இந்தியாவில் தென்படவில்லை. 2011-இல் உலகத்திலேயே அது ஒழிந்தது என்று அறிவித்தார்கள். மனிதருக்கு வரும் பெரியம்மைக்கு அடுத்தபடியாக, மனிதன் அடியோடு ஒழித்த நோய் அதுதான்.

வெறிநாய் கடித்த மாட்டுக்கும் இதே பேச்சுத்தான். அதற்குப் பச்சிலை கிடையாது. அடைப்பான் நோயும் அப்படியே. திடீர் என்று மாடு விழுந்து, மூக்கிலும் வாயிலும் உறையாத கறுப்பு இரத்தம் வந்தால், அந்த மாட்டை அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது. அது மனிதனையும் கொல்லும் நோய். டாக்டருக்குச் சொல்லி, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும்.

மாட்டுப் பொங்கல் அன்று

வயிறு உப்புசம் இன்னொரு அவசரம். மாட்டின் இடது பக்கம் வயிறு புடைத்து நிற்கும். தட்டினால் மத்தளம் போல் சத்தம் கேட்கும். இளம் பயற்றங்கொடியை வெறும் வயிற்றில் மேய்ந்தால் வரும். காற்று நெஞ்சை அழுத்தி, சில மணி நேரத்தில் மாடு செத்தும் போகும்.

இதற்கு வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகு, சீரகம், வெற்றிலை, மஞ்சள், மிளகாய் வற்றல் இவற்றை வெல்லத்தோடு அரைத்து, சிறு சிறு உருண்டையாக உப்பில் தொட்டு நாக்கில் தேய்க்கிறார்கள். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியே வைத்தியசாலை ஆகி விடுகிறது.

சோறு அதிகம் தின்றால் வரும் நோய் வேறு. மாட்டுப் பொங்கல் அன்று, ஆசையாக அண்டா அண்டாவாகப் பொங்கலை மாட்டுக்கு ஊட்டுகிறோம். மாட்டின் வயிறு புல்லுக்கும் வைக்கோலுக்கும் ஏற்பட்டது. அவ்வளவு சோறு போனால் உள்ளே புளித்து விடும். மாடு அசை போடாது. சோர்ந்து படுத்து விடும். பொங்கலுக்கு மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் நிற்பதற்கு நம் அன்புதான் காரணம்! ஒரு கைப்பிடி ஊட்டினால் மாட்டுக்குப் போதும்.

மருந்தை நாக்கில் தடவு, தேய் என்று ஏன் சொல்கிறார்கள்? அந்தக் காலத்தில் மூங்கில் குழாயில் மருந்தை ஊற்றி, மாட்டின் தலையை மேலே தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்துக் கொண்டு புகட்டுவார்கள். நாக்கை இழுத்துப் பிடித்தால் மாட்டால் விழுங்க முடியாது. மருந்து குடலுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய் விடும். நோய் தீர வந்த மருந்தே மாட்டைக் கொன்ற கதைகள் உண்டு. வெல்லம் சேர்த்த விழுதாக நாக்கில் தடவினால் மாடு தானே சப்பி விழுங்கும். புகட்டுகிற முரட்டுத்தனத்தை விட்டதே பாதி வைத்தியம். நோய் வந்த மாட்டுக்கு இரும்பைக் காய்ச்சிச் சூடு போடுவதையும் அப்படியே விட்டு விட வேண்டும். வாய் இல்லாத பிராணிக்கு ஒரு வேதனை போதாதா?

எப்போது டாக்டர்?

மடிநோய்க்குத் திரும்புவோம். விடியற்காலையில் தொழுவத்தில் நின்ற அந்த வீட்டுக்காரி என்ன செய்யலாம்?

மாடு வழக்கம் போல் தீனி தின்கிறது, ஒரு காம்பில் மட்டும் வீக்கம், இன்றைக்குத்தான் தொடங்கியது என்றால், உடனே கற்றாழையை வெட்டப் போகலாம். மாடு தீனியைத் தொடவில்லை, உடம்பு கொதிக்கிறது, மடி நீலம் பாய்ந்து கிடக்கிறது என்றால், அம்மியைத் தேடிக் கொண்டு இருக்கக் கூடாது. முதல் வேலை டாக்டர். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்சு வரும். இரண்டு நாள் தடவியும் வீக்கம் வாடவில்லை என்றாலும் டாக்டரிடம் காட்டி விட வேண்டும்.

வராமல் காக்கவும் வழி உண்டு. தினமும் கறப்பதற்கு முன்பு, ஒவ்வொரு காம்பில் இருந்தும் முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் பீச்சிப் பார்க்கலாம். திரி இருந்தால் கறுப்பில் பளிச்சென்று தெரிந்து விடும். கறந்து முடித்ததும் காம்புத் துவாரம் உடனே மூடிக் கொள்ளாது. அரை மணி நேரம் ஆகும். அதற்குள் மாடு சாணத்திலும் சேற்றிலும் படுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்து விட்டது போல. ஆகவே, கறந்தவுடன் ஒரு கட்டுப் புல்லை முன்னால் போட்டால், மாடு நின்று கொண்டே தின்னும்.

டாக்டர் வந்தால், இதற்கு முன்பு என்ன தடவினோம், எத்தனை நாள் தடவினோம் என்பதை மறைக்காமல் சொல்லி விட வேண்டும். "பச்சிலை போட்டேன் என்றால் திட்டுவாரோ" என்று பலர் வாயை மூடிக் கொள்கிறார்கள். ஒரு காலத்தில் திட்டினார்கள்தான். இன்று கால்நடை டாக்டர்களிலேயே பலர், ஊசியைப் போட்டு விட்டு, "கொல்லையில் கற்றாழை இருக்கிறதா?" என்றும் கேட்கிறார்கள்.